வேட்டைக்குத் தேற்றிய உடம்பு

பச்சை முட்டையின் கவுச்சி எனக்கு இன்றும் ஆகாது. யாராவது பக்கத்தில் ஆம்லெட்டுக்கு முட்டை உடைத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் முழுக் கதையையும் நான் சொன்னதில்லை, சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடிய கதையும் இல்லை அது.

எண்பதுகளின் கடைசி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். அப்பா அம்மா குரோம்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். படுக்க இடமில்லை என்பதால் செம்பாக்கத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம் அவருடையது. மாமா தலையெடுத்ததும் வயலில் நாற்று நடுவதை விட்டுவிட்டு மனைக்கல் நட ஆரம்பித்தார். நன்றாகவே விற்றது. கூடவே அவர் வயிறும் வளர்ந்தது. லுங்கியை வயிற்றுக்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்று தினமும் காலையில் ஒரு குழப்பம் வரும் அவருக்கு.

அவர் மனைகளுக்கு ரோடு போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஜவ்வாது மலையில் கொஞ்சம் நிலமும் ஓட்டு வீடும் உண்டு. வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் ஜீப்பில் ஆட்களை அழைத்துக்கொண்டு காட்டுப்பன்றி சுடப் போவார். வேட்டை அப்போதும் குற்றம்தான். மாட்டாதவரைக்கும் அது அவர்களுக்கு ஒரு பெரிய மனிதத்தனம். மாமாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. அவர் அப்பா ஏரியில் நீர்க்கோழி சுடுவதற்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல்.

முந்தின வருஷம் மாமா பாதி மலையில் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து விட்டார்களாம். அதைக் கான்ட்ராக்டர் ஒரு கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று நடித்துக் காட்டியிருக்கிறார். பந்தியே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

"இந்த வாட்டி நான் முன்னாடி ஏறிகினே இருக்கணும் மச்சான். அந்தாளு பின்னாடி மூச்சு வாங்கிகினு வரணும். பொங்கலுக்குள்ள உடம்பைத் தேத்துறோம்" என்றார் ஒரு நாள். ஐப்பசி மழை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"தேத்துறோம்னா?"

"நீயும்தான். உன் உடம்பு இன்னாடா, ஊதினா பறந்துடும் போலகீது. மலைல கான்ட்ராக்டர் உன் தெம்பைப் பார்த்தாருன்னா கையோட வேலைக்கு எடுத்துக்குவாரு."

வேலை என்ற சொல்லுக்கு அப்போது நான் எதையும் குடிக்கத் தயாராக இருந்தேன். முதலில் குடித்தது விளக்கெண்ணெய். உடம்பைத் தேற்றும் முன்பு வயிற்றைக் கழுவ வேண்டும் என்பது மாமாவின் வைத்தியம். வீட்டில் இருந்ததோ ஒரே கக்கூஸ். ஒரு முழு நாளும் நானும் அவரும் அதன் கதவை மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் வெளிறிப்போய்ப் பாயில் கிடந்தவர், "பார், எவ்வளவு லேசா கீது!" என்றார். லேசாகத்தான் இருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து முட்டை. சூடு இல்லாத பாலில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்காமல் விழுங்க வேண்டும். கலக்கினால் சத்துப் போய்விடுமாம். மஞ்சள் கரு முழுசாகத் தொண்டையில் வந்து ஒரு கணம் நிற்கும். போவதா திரும்புவதா என்று அது யோசிப்பதுபோல் இருக்கும். அதன் பின்னால் வெள்ளைக் கரு சளி மாதிரி அறுபடாமல் இழுத்துக்கொண்டு வரும். மாமா அண்ணாந்து ஒரே மடக்கில் இறக்கிவிட்டு மீசையில் ஒட்டியதை நாக்கால் துழாவி எடுப்பார். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் என் டம்ளரை நான் கொஞ்சம் சுலபமாகக் குடித்திருப்பேன்.

முட்டை முடிந்ததும் ஓட்டம். ஏரிக்கரையில் ஓட வேண்டும். மழைக்காலத்து விடியலில் ஊர் ஏரிக்கரை எதற்குப் பயன்பட்டது என்பது அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கரையின் இரண்டு பக்கமும் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வருவதைக் கண்டதும் சிலர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள், சிலர் அதையும் செய்ய மாட்டார்கள். மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் கரைத்துப் பாதையில் விட்டிருக்கும். எது சேறு எது மற்றது என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால் ஓட முடியாது, ஓடினால் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து பின்பக்கக் குழாயடியில் கான்வாஸ் ஷூவைக் குச்சியால் சுரண்டும்போது வயிற்றில் இருக்கும் முட்டை மேலே வந்து எட்டிப் பார்க்கும்.

மாமா முதல் நாள் மதகு வரைக்கும் ஓடினார். மதகுக் கட்டையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். நான் முன்னால் ஓட, அவர் பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, "வுடாத மச்சான், வுடாத, முட்டியைத் தூக்கு!" என்று கத்துவார். ஒரு கையில் வேகவைத்த முட்டை இருக்கும். வாயில் மஞ்சள் கருவை வைத்துக்கொண்டே அவர் கத்துவதால் துணுக்குகள் என் கழுத்தின் பின்புறம் வந்து விழும்.

இதெல்லாம் ஆண்பிள்ளைகளின் கூத்து, போகட்டும். அக்கா பட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை. மசக்கை அவளை ஆட்டிப் படைத்தது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால்கூட ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். அந்த நிலையில் விடியற்காலையில் அவள் ஆட்டுக்கால் சூப் வைக்க வேண்டும். தீய்த்த குளம்பின் நாற்றம் வீட்டுத் திரைச்சீலையில்கூட ஏறியிருந்தது. சூப் போதாதென்று ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், ரத்தப் பொரியல், மூளை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று என்று மாமா முறை வைத்திருந்தார்.

ஒரு நாள் ஓடிவிட்டு வந்தபோது அவள் சமையலறையில் முந்தானையை மூக்கில் திணித்துக்கொண்டு ஆட்டு மூளையின் மேல் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை அப்படியே நீட்டியபடி பின்பக்கம் ஓடினாள். குமட்டி ஓய்ந்து, வாய் கொப்பளித்து, திரும்ப வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தோலை உரித்தாள்.

"நகருக்கா. நான் கழுவுறேன்."

"உனக்கு வராதுடா. உடைஞ்சிட்டா அவர் கத்துவார்."

"கத்தட்டும்."

கையில் எடுத்தேன். குளிர்ந்து, வழவழவென்று, அழுத்தினால் வழிந்துவிடும்போல இருந்தது. அதன் மடிப்புகளுக்குள் சிவப்பு நூலாக ரத்தம் ஓடியிருந்தது. உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு நின்றபோது, இதைத் தின்று நான் எந்த மலையை ஏறப்போகிறேன் என்று தோன்றியது.

அன்று சாப்பிடும்போது அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு இந்த வாடை ஒத்துக்கவே மாட்டேங்குதுங்க. கொஞ்ச நாள் போகட்டுமே."

"புள்ளைக்கும் சேத்துதான்டி வாங்கியாறேன். நீ துன்னாதான அதுக்குத் தெம்பு. இந்தா." ஒரு துண்டு மூளையை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். அக்கா திரும்புவதற்குள் வந்துவிட்டது. அவர் இலைக்குப் பக்கத்தில், தரையில். மாமா திட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. இலையை இரண்டு கைகளாலும் பிடித்து ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். நான்தான் பழந்துணி எடுத்து வந்து துடைத்தேன். அவர் மெல்லும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

மார்கழியில் அவர் உடும்பைக் கொண்டுவந்தார். வண்டலூர்ப் பக்கம் யாரோ ஒருவன் பிடித்துக் கொடுத்திருந்தான். உரச்சாக்கில் உயிரோடு இருந்தது. வாலை வளைத்துக் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். சாக்கை உதறியதும் குழாயடிக் கல்லில் விழுந்து நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் தடவியது. கட்டு போட்டவனே கூட வந்திருந்தான். கழுத்தை அறுத்து ரத்தத்தைப் பிடிக்க மாமா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் எடுத்து வந்தார். அக்காவின் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டம்ளர், அதில் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

"அது வேண்டாங்க" என்று அக்கா ஜன்னலிலிருந்து சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. வந்தவன் கழுத்தை அறுத்து அதில் ரத்தம் பிடித்துக் கொடுத்தான்.

"குடிச்ச கையோட ஓடணும் மச்சான். நின்னா வவுத்துல உறைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் பாதியைக் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார். டம்ளர் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி அந்தப் பிராணியின் குளிர்ச்சி என்று உறைத்ததும் என் விரல்கள் தானாக விட்டுவிட்டன. கல்லில் சிந்தி ஓடியது. உடும்பின் கால் இன்னும் கல்லைப் பிராண்டிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு என்னைத் திட்ட நேரமில்லை, ஓட வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு டீச்சரம்மா வெள்ளைப் புடவையில், கையில் பைபிளோடு, சர்ச்சுக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். மீசையில் ரத்தத்தோடு ஓடிவரும் மாமாவைப் பார்த்து, "ஐயையோ, என்ன சார் ஆச்சு?" என்று பதறினார். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே போனது முழுதும் தெருவோர மனைக்கல்லின் மேல் வந்தது. டீச்சரம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சர்ச்சுக்குப் போனாரா என்று தெரியாது. மாமா மட்டும் பார்த்தவர்களிடமெல்லாம், உடும்பு ரத்தம் உடம்பில் அப்படியே பிடித்துவிட்டது என்று சொல்லித் திரிந்தார்.

தை பிறந்தபோது நான் தாம்பரம் சானடோரியம் பக்கத்துப் பச்சைமலையில் நிற்காமல் ஏறி நிற்காமல் இறங்கினேன். மாமா வேட்டைக்கென்று தைத்த பேண்ட் அவருக்குப் பொத்தான் போடவில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

மலையில் என்ன நடந்தது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கான்ட்ராக்டர், அவருடைய மலையாட்கள் இரண்டு பேர், மாமா, நான். காலையில் ஏற ஆரம்பித்தோம். முதல் ஏற்றத்திலேயே மாமா ஒரு நெல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா தலைவரே, போன வருஷம் உக்காந்த இடம்கூட வரலையே இன்னும்!" என்று கான்ட்ராக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஷூ கடிச்சிகினு கீது. நீ போ, நான் வரேன்" என்றார் மாமா. வரவில்லை. அவர் துப்பாக்கியை நான் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. மூன்று மாதமாக மூக்கில் அடைத்திருந்த கவுச்சி விலகி, ஈர மண்ணும் புல்லும் மணந்தது. அங்கேயே இருந்துவிடலாம்போல இருந்தது. பன்றி எதுவும் கண்ணில் படவில்லை. கான்ட்ராக்டர் ஒரு புதரைச் சுட்டார். புதரிலிருந்து எதுவும் வரவில்லை. இறங்கிவந்தபோது மாமா அந்த நெல்லி மரத்தடியிலேயே உட்கார்ந்து, பொட்டலத்தில் கொண்டுவந்த வறுத்த கோழியை முடித்திருந்தார்.

வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்பதுதான் அவர்கள் இருவருக்கும் கவலை. மறுநாள் காலையில் மலையாட்களில் ஒருவர் வந்து, தள்ளியிருந்த ஒரு சாமைக் கொல்லைப் பக்கம் சுருக்குக் கம்பியில் ஒரு பன்றி மாட்டிச் செத்துக் கிடப்பதாகச் சொன்னார். "ரெண்டு நாளாச்சிங்க. ஆவாது. பொதைக்கத்தான் போறோம்" என்றும் சொன்னார். கான்ட்ராக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா ஜீப்பில் ஏறிவிட்டார்.

பன்றி வயிறு ஊதிக் கால்கள் விறைத்துக் கிடந்தது. கம்பி கழுத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. அறுபட்ட இடம் அசைந்துகொண்டிருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். புழு. கான்ட்ராக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பியை அறுத்துவிடச் சொன்னார். பிறகு மாமாவிடம், "தலைவரே, குண்டு காயம் இல்லாம எவன் நம்புவான்? போடு ஒண்ணு" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமா என் தோளிலிருந்த துப்பாக்கியை வாங்கிக் குண்டு போட்டார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, செத்த பன்றியைச் சுட்டார்.

வயிறு கிழிந்து உள்ளேயிருந்த காற்று ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது. அந்த நாற்றத்துக்கு என்னிடம் சொல் இல்லை. கறுப்புத் தண்ணீர் தெறித்து மாமாவின் பேண்டெல்லாம் ஆனது. மலையாட்கள் இருவரும் ஓடைப் பக்கம் நடந்து போய்விட்டார்கள். கான்ட்ராக்டர் ஒரு கேமராவை என் கையில் கொடுத்தார். மாமா துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு பன்றியின் விலாவில் ஒரு காலை வைத்தார். கால் வழுக்கியது. தோல் மயிரோடு உரிந்து அவர் ஷூவில் ஒட்டிக்கொண்டது. தேய்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"முகம் கம்பீரமா விழணும் மச்சான். நல்லா பார்த்து எடு."

எடுத்தேன்.

தொடைகளை மட்டும் வெட்டி வாழை இலையிலும் கோணியிலும் சுற்றி ஜீப்பின் பின்னால் போட்டார்கள். வெயில் ஏற ஏற ஈக்கள் எங்களோடு பயணம் செய்தன. ஆரணி தாண்டும்போது, "ஒரே குண்டுதான்" என்றார் மாமா தனக்குத்தானே. காஞ்சிபுரத்தில் டீ குடிக்கும்போது பன்றி புதரிலிருந்து வெளியே வந்திருந்தது. படப்பை வருவதற்குள் அது அவர் மேலேயே பாய்ந்துவிட்டது. கான்ட்ராக்டர் மறுக்கவில்லை. அந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது.

செம்பாக்கத்தில் இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. மாமாவின் பங்காளிகள் பாத்திரத்தோடு வந்தார்கள். மாமா தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பங்கை ஒரு அன்னக்கூடையில் போட்டு அக்காவின் முன்னால் வைத்து, "நல்லா மொளகு தூக்கலா போடு" என்றார்.

அக்காவுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கூடையருகே குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். ஆச்சரியமாக அவளுக்கு வாந்தி வரவில்லை.

"இது எப்போ செத்தது?"

"இன்னிக்கி காலைல. நானே சுட்டேன்டி."

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடா."

கான்ட்ராக்டர் வாசலில்தான் நின்றிருந்தார். எனக்கு வேலை தருவார் என்று சொல்லப்பட்ட மனிதர். நான் சொன்னேன்: "சுருக்குல மாட்டி செத்துக் கிடந்ததுக்கா. புழு வெச்சிருந்தது. மாமா அதுக்கப்புறம் சுட்டாரு."

மாமா என் சட்டையைப் பிடித்தார். "என் சோத்தைத் துன்னுட்டு இன்னாடா பேசுற?"

"தின்ன சோறெல்லாம் எனக்குத் தெரியும் மாமா, விடுங்க" என்றேன். அதற்குள் அக்கா அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் போய், எருக்குழியில் கொட்டி, மேலே பினாயில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். நான் தெருவுக்குப் போய்க் கறி வாங்கிய வீடுகளிலெல்லாம் சமைக்க வேண்டாம் என்று சொன்னேன். சிலர் எடுத்துக் கொட்டினார்கள். சிலர், மாமா மேல் எனக்கு என்ன கோபமோ என்று சிரித்தார்கள். சிரித்த வீடுகளில் இரண்டு நாளைக்கு வாந்தியும் பேதியும். ஒரு பெரியவருக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாமா அவரைப் பார்க்கப் போகவில்லை. மசாலாவில் கோளாறு என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே அக்கா ஒரு பையில் நான்கு புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். அவளைப் பஸ்ஸில் தாம்பரம் வரை கூட்டிவந்து, எலக்ட்ரிக் ட்ரெயினில் குரோம்பேட்டைக்கு அழைத்துப் போனேன். அம்மா பையை வாங்கி உள்ளே வைத்தாள். தயிர் சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் போட்டாள். அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டதை நான் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமே மாமா ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கூட்டிப் போக வந்திருப்பதாகச் சொன்னார்.

"பிள்ளை பொறந்து நான் தேறுற வரைக்கும் வர மாட்டேன். அதுக்கப்புறமும் அந்தச் சமையல் கட்டுல கறி ஏறாது. சம்மதம்னா சொல்லுங்க" என்றாள் அக்கா.

மாமா தலையாட்டினார். பிறகு தாங்க முடியாமல், "ஆனா சுட்டது நான்தான்" என்றார்.

"நீங்க சுடலைன்னு நான் சொல்லவே இல்லையே. அது எப்போ செத்ததுன்னுதான் கேட்டேன்."

மாமா ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்குக் கான்ட்ராக்டரிடம் வேலை கிடைக்கவில்லை. கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே இரும்புச் சீவலும் கிரீசும்தான் நாறும், அது எனக்குச் சந்தனம்போல இருந்தது. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு செம்பாக்கத்துக்குத் திரும்பினாள். மாமா சொன்ன சொல்லை வீட்டுக்குள் காப்பாற்றினார். கறி வேண்டுமென்றால் கேம்ப் ரோட்டில் ஒரு மிலிட்டரி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவார். வந்ததும் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டுவார். அக்கா அந்தக் கையைப் பிடித்து, திருப்பி, மோந்து பார்ப்பாள். சில நாள் குழந்தையைக் கொடுப்பாள். பல நாள், "போய் இன்னொரு வாட்டி சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்பாள்.